அண்ணிக்கு நான் எழுதிய பத்து

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஹாலில் கொடி கட்டி அண்ணியின் புடவை இரண்டு, என் நைட்டி ஒன்று. மீன் வரவில்லை. காரைக்கால்மேட்டில் படகு எதுவும் இறங்கவில்லையாம். கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம்.

பத்து மணிக்கு உடற்பயிற்சி வீடியோ. நாலாவது வாரம் ஆரம்பம். போனை டி.வி. மேஜையில் நிறுத்தினால் சரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் பைபிளை முட்டுக் கொடுத்தேன். மாதாவே, மன்னிக்கவும்.

வீடியோவில் வருவது நீல சுடிதார் போட்ட பெண். மெட்ராஸ் பேச்சு. மூச்சை அடக்காதீர்கள் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அண்ணி போனைப் பார்த்து, "அடக்கல தாயி" என்கிறார்.

இன்றைய கணக்கு:
குதிகால் தூக்குவது - இருவரும் சரி.
அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் தூக்குவது - நான் பன்னிரண்டு, அண்ணி ஏழு.
துண்டு முறுக்குவது - அண்ணி என்னைவிட நன்றாக. ஐம்பது வருஷம் துணி பிழிந்த கை.
உ.எ. (நாற்காலியில் உட்கார்ந்து எழுவது) - நான் ஒன்பது, அண்ணி நாலு.

அந்த நாலும் நாற்காலிக் கையை ஊன்றித்தான். ஐந்தாவதில் பாதி எழுந்து அப்படியே நின்றார். முழங்கால் நடுங்கியது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். எண்பத்தொரு வயசில் மேட்டிலே ஒருத்தி பதினாலு செய்கிறாள், உங்களுக்கு எழுபத்தொன்பதுதானே என்று. அண்ணி கேட்டுவிட்டு, பாட்டில் தண்ணீரை ரோஜாத் தொட்டியில் ஊற்றினார்.

மேட்டுக்காரி மீன்கூடை சுமந்த உடம்பு. எனக்கும் தெரியும். பிறகு ஏன் சொன்னேன்?


நவம்பர் 5, புதன்

மழை விட்டது. கொசு. கேஸ் பதிவு செய்தேன். மாத்திரை வாங்க வேண்டும் (அண்ணிக்கு பிரஷர், எனக்குக் கால்சியம்).

உ.எ. - நான் ஒன்பது, அண்ணி நாலு. மறுபடியும் நாலு.

ஆகஸ்டில் இருந்ததற்கு இது தேவலை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்போது ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். ரவிக்கை எல்லாம் தோளில் தொங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, வியாதி ஒன்றும் இல்லை, தசை கரைந்து போயிருக்கிறது, விழுந்தால் ஆபத்து என்றார். பிறகுதான் பர்வீன் மேடம் வந்தார். பிசியோதெரபி. எழுபது தாண்டிய பெண்கள் பதினொரு பேரைச் சேர்த்திருக்கிறார். வாரம் மூன்று நாள் வீட்டிலேயே வீடியோ பார்த்துச் செய்ய வேண்டும். எத்தனை செய்தோம் என்று தாளில் எழுதி, சனிக்கிழமை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தாள் எழுதுவது என் வேலை. முப்பத்துநாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எண் எழுதிய கை, ஒரு நாள் தப்பு வந்ததில்லை. ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன சனி பர்வீன் என்னிடம் தனியாகச் சொன்னது மனசில் இருக்கிறது. அண்ணியின் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் வீட்டில் வைத்துச் செய்வதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து பார்க்க வேண்டியிருக்குமாம். அண்ணி அந்தப் பக்கமே வர மாட்டார். அண்ணன் நடந்து உள்ளே போனான், துணி மூடி வெளியே வந்தான். ஆறு வருஷமாக அண்ணி அந்தத் தெரு வழியாகக்கூடப் போவதில்லை. மார்க்கெட்டுக்குச் சுற்றிப் போவோம்.


நவம்பர் 8, சனி

வெயில். தலையணை எல்லாம் மாடியில்.

தாளில் அண்ணி பெயருக்கு நேராக, இந்த வாரத்து மூன்று நாளுக்கும் உ.எ. பத்து, பத்து, பத்து என்று எழுதினேன். போட்டோ எடுத்தேன். அனுப்பிவிட்டேன்.

முதலில் ஆறு என்றுதான் எழுத நினைத்தேன். ஆறும் பொய்தான். பொய் என்றான பிறகு ஆறு என்ன, பத்து என்ன என்று தோன்றிவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் பர்வீன் கூப்பிட்டார். மாஷா அல்லாஹ், எவ்வளவு நல்லா ஏறியிருக்கு, நீங்க பக்கத்துல இருந்து செய்ய வைக்கிறதாலதான் என்றார். அரைமணி நேரம் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணி தாளைப் பார்ப்பதில்லை. அவருக்கு அதில் அக்கறை இல்லை.


நவம்பர் 10, திங்கள்

பர்வீனிடமிருந்து அண்ணிக்கு மட்டும் புது வீடியோ. இரண்டாம் நிலை. கையை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். கூடவே ஒரு செய்தி: யாராவது பக்கத்தில் நின்றே ஆக வேண்டும், தனியாகச் செய்யக் கூடாது.

அண்ணி முழுதும் பார்த்தார். "எனக்கு எதுக்கு இத அனுப்பிச்சிருக்காங்க?" என்று கேட்டார். எல்லாருக்கும் வருவதுதான், நமக்கு இப்போது வேண்டாம், பழையதையே செய்வோம் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய வீடியோ. அண்ணி ஐந்து. முதன்முறையாக ஐந்து. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தாளில் பத்து என்று எழுதினேன்.

மாத்திரை வாங்கியாச்சு.


நவம்பர் 12, புதன்

மேகமூட்டம். உ.எ. நான் ஒன்பது, அண்ணி ஐந்து. தாளில் பத்து.

சாப்பிட்ட பிறகு கண் அசந்தேன். உள் அறையிலிருந்து அண்ணி குரல், மெதுவாக, எண்ணிக்கொண்டு. செபமாலை சொல்கிறார் என்று நினைத்தேன். செபமாலைக்கு யார் எண்ணுவார்கள்? இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

(இந்தக் கடைசி இரண்டு வரி பின்னால் எழுதியது.)


நவம்பர் 16, ஞாயிறு

இன்று எழுத முடியாது.


நவம்பர் 17, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலைப் பூசைக்கு நான் மட்டும் போனேன். அண்ணி முழங்கால் வலி என்று வரவில்லை. கோவிலுக்கு நான் போன் கொண்டுபோவதில்லை, வீட்டிலேயே இருந்தது. திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போதே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டுதான் என்று. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கிடையாதே என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

அண்ணி தரையில். வலது பக்கமாகக் கிடந்தார். நாற்காலி அப்படியே நிற்கிறது. போன் பைபிள்மேல் சாய்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் நிலை வீடியோ.

"தூக்காத ஸ்டெல்லா, கை போயிடுச்சு" என்றார். அழவில்லை. மணிக்கட்டு வேறு யாருடையதோ போல் வளைந்திருந்தது.

போனை நிறுத்தினேன். அண்ணி சொன்னார்: "பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லிடு. ஜெரால்டுக்குத் தெரிஞ்சா வீடியோவே வேணாம்னுடுவான்."

சரி என்றேன். அதோடு நிற்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அவர் புடவை ஓரத்தில் ஊற்றினேன். பிறகுதான் எதிர்வீட்டு செல்வியைக் கூப்பிட்டேன். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணி மகனுக்குப் பயந்து சொன்னார். நான் எனக்காகச் சரி என்றேன்.

செல்வியும் அவள் வீட்டுக்காரரும் ஆட்டோவில் ஏற்றினார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று நான் பொய் எழுதினேனோ, அதே ஆஸ்பத்திரி. வாசலில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்ரே. வலது மணிக்கட்டு முறிவு. இடுப்பு தப்பியது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய்.


நவம்பர் 19, புதன்

இரவெல்லாம் மழை பெய்து காலையில் தெருவில் தண்ணீர்.

ஜெரால்டு திருச்சியிலிருந்து வந்தான். அண்ணன் மகன், ஒரே பிள்ளை. அம்மா கையைப் பார்த்தான். நேராகப் பாத்ரூமுக்குப் போனான். எந்த இடம் அத்தை என்று கேட்டான். நான் குழாயடியைக் காட்டினேன்.

பேண்டை மடித்துவிட்டு, முட்டி போட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். ஐம்பத்திரண்டு வயசு. முதுகுவலிக்காரன். அவன் தேய்க்க, நான் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கடைக்குப் போய் ரப்பர் மிதியடி வாங்கிவந்து குழாயடியில் ஒட்டினான். சுவரில் பிடிப்புக் கம்பி அடிக்க ஆள் சொல்லியிருக்கிறான்.

"இத நான் முன்னாடியே செஞ்சிருக்கணும் அத்தை" என்றான்.

நான் வாளியை அலசிக் கவிழ்த்து வைத்தேன்.


நவம்பர் 21, வெள்ளி

மீன் வந்தது. அண்ணிக்குப் பிடித்த சங்கரா. முள் எடுத்துக் கொடுத்தேன்.

ஜெ. ஆபீசுக்கு லீவு நீட்டியிருக்கிறான். போனில் மனைவியிடம் மெதுவாகப் பேசுவது கேட்கிறது. கீழ் ரூம், ஒழிச்சு வை, கட்டில் என்று.

வீடியோ போடவில்லை. பத்து மணி ஆனதும் அண்ணி டி.வி. மேஜையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.


நவம்பர் 22, சனி

ஆஸ்பத்திரியில் விஷயம் கேள்விப்பட்டு பர்வீன் நேரில் வந்தார். வழக்கமான போன் இல்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்லிப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஹாலில் எங்கள் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து, தன்னால் இரண்டு நாளாகத் தூங்க முடியவில்லை என்றார். பத்துத் தடவை எழுகிறவரின் கால் இப்படி இருக்காதாம். தான் நேரில் வந்து பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து இரண்டாம் நிலைக்கு ஏற்றிவிட்டதாகவும், எங்கோ தான்தான் தப்பாகக் கணித்திருக்க வேண்டும் என்றும், அதைத் தன் பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார்.

ஜெ. அவரிடம், உங்க மேல என்னங்க தப்பு, அம்மா பாத்ரூம்லதானே விழுந்தாங்க என்றான்.

அப்போது சொன்னேன். அண்ணி என் புடவையைப் பிடித்து இழுத்தார். இருந்தும் சொன்னேன்.

"பாத்ரூம்ல விழல. இந்த ஹால்ல, அந்த நாற்காலிலேர்ந்து விழுந்தாங்க. பத்துன்னு எழுதுனது நான். அவங்க செஞ்சது நாலு, அஞ்சு. தண்ணிய ஊத்துனதும் நான்தான்."

ஜெ. அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

பர்வீன் எழுந்துபோய் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். முகம் வாடியது, அவ்வளவுதான். "நாலுன்னா நாலுக்கு ஏத்த மாதிரி குடுத்திருப்பேம்மா. யாரையும் நான் ஃபெயில் பண்றதில்ல" என்றார். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னது தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்ப்பதற்காகவாம். ஒரு காலைப்பொழுது வேலை. அதை நான் கேட்கவே இல்லை. நானாகவே என்னென்னமோ நினைத்துக்கொண்டேன். டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்காமல் போய்விட்டார். தாளைக் கொண்டுபோனார்.

ஜெ. வெளியே போய்க் கேட்டருகே நின்றான். அரைமணி நேரம். உள்ளே வந்து என்னைப் பார்க்காமல் சொன்னான், திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. நான் தேய்ச்சேனே அத்தை, நீங்க பாத்துக்கிட்டுதானே நின்னீங்க என்று கேட்டான்.


நவம்பர் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

ஜெ. கார் பேசப் போயிருந்தான். அண்ணிக்குத் தலை வாரிவிட்டேன். முடி ஒரு விரல் கனம்கூட இல்லை. பின்னிக்கொண்டே கேட்டேன், எதுக்கு அண்ணி தனியா அதப் போட்டீங்க என்று.

மடியிலிருந்த மாவுக்கட்டை இடது கையால் தடவினார். பிறகு:

"தாள பாத்தேன். எம் பேருக்கு நேரா பத்துன்னு எழுதியிருந்த. அம்பத்துநாலு வருசமா ஒன்ன பாக்குறேன், ஒரு பொய் சொன்னவ இல்ல நீ. என்னால நீ சொல்ல வேண்டியதாப் போச்சேன்னு இருந்துச்சு. பத்து செஞ்சு முடிச்சிட்டா அது பொய்யாவே இருக்காதுல்ல."

எட்டு வரை வந்துவிட்டாராம். புதன்கிழமையிலிருந்து உள் அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பழகியிருக்கிறார், நான் தூங்கும்போது. ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் எட்டு. ஒன்பதில் கால் பிசகியது.

பின்னலை முடிக்க முடியவில்லை. அவிழ்த்து மறுபடியும் பின்னினேன். பின்னால் நின்றதால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.


நவம்பர் 24, திங்கள்

வெயில். கார் ஒன்பது மணிக்கு.

கொடுத்து அனுப்பியவை: பிரஷர் மாத்திரை (ஒரு மாதத்துக்கு), எக்ஸ்ரே கவர், புடவை ஆறு, பருத்தி நைட்டி நாலு, செபமாலை, ஃபிளாஸ்க், எலுமிச்சை ஊறுகாய்.

அண்ணி காரில் ஏற ஜெ. அவரைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி உட்கார வைத்தான். அவரே ஏறுவார், கொஞ்சம் பொறு என்று சொல்ல வந்தேன். எனக்கு அதைச் சொல்ல இப்போது என்ன உரிமை.

அண்ணி கண்ணாடியை இறக்கச் சொல்லி, ரோஜாவுக்குத் தண்ணி ஊத்து என்றார். கார் போய்விட்டது.

மதியம் ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் நின்றேன்.


நவம்பர் 27, வியாழன்

புயல் சின்னமாம். காற்று. கடல் இரைச்சல் இங்கே வரை கேட்கிறது. கம்பி அடிக்கிற ஆள் வந்து பாத்ரூமில் கம்பி அடித்துவிட்டுப் போனான். வேண்டாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

திங்கள், புதன் இரண்டு நாளும் வீடியோ போடவில்லை. இன்று நானே நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ இல்லாமல் எழுந்து பார்த்தேன். ஆறு. ஆறுக்கு மேல் மனசு போகவில்லை.

பர்வீனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. நீல டிக் வந்தது. பதில் இல்லை. மாலையில் பதில்: பெரிய டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டதாகவும், இனி பதினொரு பேர் வீட்டுக்கும் மாதம் ஒரு முறை நேரில் போகப் போவதாகவும். கடைசியில், நீங்கள் நிறுத்தாதீர்கள் என்று.

ஜெ. இதுவரை போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் அவன் மனைவி எடுத்து, அத்தை தூங்குறாங்க என்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் எப்போது பார்த்தாலும் தூக்கமா?


நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக்காலம் ஆரம்பம். சாமியார் ஊதா அங்கி. பிரசங்கம் என்ன என்று நினைவில்லை.

பூசை முடிந்து வந்தேன், போன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி. வேலைக்கார அம்மாவின் போனிலிருந்து. எல்லாரும் கோவிலுக்குப் போயிருக்கிறார்களாம்.

நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, கை வலிக்குதா என்று நான் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். மருமகள் பால், முட்டை, சத்துமாவு எல்லாம் கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறாளாம். அசைய விடுவதே இல்லையாம். பிறகு குரல் இறங்கியது.

"ஸ்டெல்லா, இங்க சோபா பள்ளமா இருக்கு. உக்காந்தா உள்ள போயிடுது. என்னால எந்திரிக்க முடியல. யாராவது வந்து தூக்கணும். தண்ணிக்கும் தூக்கணும், ஒண்ணுக்குப் போறதுக்கும் தூக்கணும். வெக்கமா இருக்கு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். வந்ததிலிருந்து என்றார். மகனிடம் சொல்லலாமே என்றேன். அவன் ஆசையா பாத்துக்குறான், எப்படிச் சொல்றது என்றார்.

போனை வைத்தேன். ஒரு வாரம். அசையாமல் இருந்தால் ஒரு வாரத்தில் தசை எவ்வளவு கரையும் என்று பர்வீன் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. கேட்கும்போது அதை நான் காதில் வாங்கவில்லை.


டிசம்பர் 1, திங்கள்

காலையில் முதல் வேலையாக ஜெ.க்குப் போன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன், எடுத்தான். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்க்கவில்லை.

நான் செய்தது தப்பு, அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். ஆனால் அம்மாவை சோபாவில் உட்கார வைக்காதே என்றேன். கை வைத்த மர நாற்காலி ஒன்று, உட்கார்ந்தால் முழங்கால் நேராக மடங்குகிற உயரம், சுவரோடு சேர்த்துப் போட வேண்டும்.

"அத்தை, அம்மாவ நான் பாத்துக்குறேன்" என்றான்.

"நல்லாத்தான் பாத்துக்குற ஜெரால்டு. அவங்க எந்திரிக்கணும்ல."

மறுமுனையில் சத்தமே இல்லை. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்குத் தெரியும், லைன் போனதற்கும் ஆள் பேசாமல் இருப்பதற்கும் வித்தியாசம். ஆள் இருந்தான்.

நான் வருகிறேன், கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கூட இருக்கிறேன், பர்வீனிடம் கேட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன், எண்ணுவதை நீயே எண்ணு, எழுதுவதை நீயே எழுது என்றேன். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எந்த வண்டியில என்று மட்டும் கேட்டான்.

பர்வீனிடம் பேசியாச்சு. வலது கை ஊன்றக் கூடாது. இடது கை மட்டும். நாற்காலியில் தடிமனாக ஒரு தலையணை. இரண்டு வந்தாலே போதும் என்றார்.

சாவி செல்வியிடம். ரோஜாவும் அவளிடம். பால் நிறுத்தம்.


டிசம்பர் 2, செவ்வாய்

வண்டியில் எழுதுகிறேன், கிறுக்கலாக வருகிறது. நல்ல மழை, ஜன்னல் ஒழுகுகிறது. எதிரே ஒரு அம்மா முறுக்கு கொடுத்தார், பல் இல்லை என்று சொல்லிவிட்டேன். திருவாரூர் தாண்டியாச்சு.

இப்போதுதான் ஜெ. கூப்பிட்டான். நாற்காலி நேற்று மாலையே வாங்கிவிட்டானாம். சுவரோடு போட்டிருக்கிறான். அம்மா உட்கார்ந்தாரா என்று கேட்டேன். உட்கார்ந்தார். எழுந்தாரா என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"எடது கைய ஊனி, மூணு தடவ அத்தை. மூணாவது பாதிதான். அத நான் சேக்கல."